புதுப் பெயர்களும் பிந்தி வரும் திருத்தங்களும்

பலாபத்வலயில் ஏ-9 வீதியை ஒட்டியிருக்கும் வாசனைத் திரவியத் தோட்டங்களில் ஒன்றின் அலுவலக அறையை எடுத்துக்கொள்வோம். பில் போடவும் பயண முகவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பவும் மேசைமேல் ஒரு விண்டோஸ் கணினி. முதலாளி கையில் ஒரு போன். தோட்டத்தைச் சுற்றிக் காட்டும் பொடியன்கள் கையில் ஆளுக்கொன்று. காசு வாங்கும் இடத்தில் லங்காகியூஆர் அட்டை. இத்தனை இருந்தும் இவற்றைக் கவனிக்கவென்று தனியாக ஓர் ஆள் கிடையாது. கோளாறு வந்தால் மாத்தளைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இந்த அத்தியாயம் அப்படிப்பட்ட அறைகளுக்காக எழுதப்படுகிறது. கொமியூனிகேஷன் கடை, பாமசி, டியூஷன் வகுப்பு, கிராம உத்தியோகத்தரின் அலுவலகம் எல்லாம் இதில் அடக்கம்.

அந்த அறைக்குப் புதுப்புதுப் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். ஒரு மாதம் 'குவிஷிங்', இன்னொரு மாதம் 'இன்ஃபோஸ்டீலர்', அதற்கடுத்து 'கிளிக்ஃபிக்ஸ்'. வட்ஸ்அப் குழுவில் யாராவது "உடனே எல்லாருக்கும் அனுப்புங்க" என்று தள்ளிவிடுவார்கள். பயந்துபோனவர் அன்றைக்கே ஏதாவதோர் அன்டிவைரஸுக்குக் காசு கட்டுவார். அதே கணினியில் விண்டோஸ் அப்டேட்டை யாரோ எப்போதோ நிறுத்தி வைத்திருப்பார்கள். அதை ஒருவரும் கேட்க மாட்டார்கள். அந்த அன்டிவைரஸ் செலவு பெரும்பாலும் வீண் என்பது என் கருத்து. ஆபத்து நிறுத்திவைத்த அப்டேட்டில் இருக்கிறது. ஆகவே பெயர்களைச் சீக்கிரம் முடித்துவிட்டு, திருத்தங்கள் ஏன் பிந்துகின்றன, பிந்துகிற காலத்தில் என்ன செய்வது என்பதற்குப் போவோம்.

பெயர்களை எப்படிப் பார்ப்பது

தீய நிரல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் பழையது. தனியாள் கணினிகளில் உலகம் சுற்றிய முதல் வைரஸ்களில் ஒன்றான 'பிரெய்ன்' 1986-இல் நம் பக்கத்து லாகூரில் பிறந்தது. கணினிக்கடை வைத்திருந்த அல்வி சகோதரர்கள் அதை எழுதி, தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணையும் உள்ளே போட்டு வைத்திருந்தார்கள். கணினியைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரன்சம்வெயாரும் புதுமையல்ல. 1989-இல் தபாலில் வந்த எயிட்ஸ் ஆய்வு டிஸ்க்கைக் கணினியில் போட்டவர்களிடம், பனாமாவிலுள்ள ஒரு தபால்பெட்டிக்கு 189 டொலர் அனுப்பச் சொன்னது அதற்குள் இருந்த நிரல். தபால்பெட்டி போய் பிட்கொயின் வந்ததுதான் பெரிய மாற்றம்.

புதுப் பெயர் ஒன்று காதில் விழுந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது எந்த வழியாக உள்ளே வருகிறது? பெயர் எதுவானாலும் விடை மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒன்று, உங்களை ஏமாற்றி வருவது. மின்னஞ்சலில் வந்தால் ஃபிஷிங், குறுஞ்செய்தியில் வந்தால் ஸ்மிஷிங், தொலைபேசிக் குரலில் வந்தால் விஷிங், கியூஆர் கட்டத்தில் வந்தால் குவிஷிங். வித்தை ஒன்றுதான், வாகனம்தான் வேறு. "உங்கள் பார்சல் வந்துள்ளது, முகவரி சரியில்லை, சிறு கட்டணம் செலுத்துங்கள்" என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வருகிற குறுஞ்செய்தியை இந்த நூலைப் படிக்கிற பலரும் பார்த்திருப்பீர்கள். குவிஷிங்குக்கு மட்டும் கடைக்காரர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: காலையில் கடை திறந்ததும் உங்கள் கியூஆர் அட்டையைக் கையால் தடவிப் பாருங்கள். மேலே வேறொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது, நாமே கூட்டிக்கொண்டு வருவது. களவு மென்பொருள், பிளே ஸ்டோருக்கு வெளியே இறக்கும் ஏபிகே கோப்பு, இலவச எழுத்துரு. அச்சக வேலை செய்பவர்களுக்குக் கடைசியாகச் சொன்னதில் ஓர் எச்சரிக்கை. பாமினி வேண்டும் என்று தேடி, முன்பின் தெரியாத தளத்திலிருந்து ஒரு ஜிப் கோப்பை இறக்கி, உள்ளேயிருக்கும் 'இன்ஸ்டோல்' நிரலை அழுத்துகிறார்கள். எழுத்துருவுக்கு இன்ஸ்டோல் நிரல் தேவையே இல்லை. கோப்பின் பெயர் .ttf என்றோ .otf என்றோ முடிய வேண்டும்; .exe என்று முடிந்தால் அதைத் தொடாதீர்கள். இன்ஃபோஸ்டீலர் என்று இப்போது பரபரப்பாகப் பேசப்படுவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறது. பிரவுசரில் சேமித்துவைத்த கடவுச்சொற்களோடு, நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதற்கான அடையாளக் கோப்புகளையும் அது அள்ளிக்கொண்டு போகும். அதனால் கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. ஜிமெயிலிலும் பேஸ்புக்கிலும் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்த வேண்டும்.

2024-இலிருந்து பரவிய கிளிக்ஃபிக்ஸ் இந்த இரண்டையும் கலந்த வித்தை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த அப்டேட்டும் இதைத் தடுக்காது. ஒரு தளத்துக்குப் போகிறீர்கள். "நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்யுங்கள்" என்று பழக்கமான கட்டம் வருகிறது. அழுத்தியதும் மூன்று கட்டளைகள் தெரிகின்றன: விண்டோஸ் விசையோடு ஆர், பிறகு கன்ட்ரோலோடு வி, பிறகு என்டர். இதில் நடப்பது என்னவென்றால், கட்டத்தை அழுத்தியபோதே ஒரு கட்டளை வரி உங்களுக்குத் தெரியாமல் நகலெடுக்கப்பட்டுவிட்டது. முதல் விசை கட்டளைப் பெட்டியைத் திறக்கிறது, இரண்டாவது அந்த வரியை அதில் ஒட்டுகிறது, மூன்றாவது அதை ஓட்டுகிறது. திருடனுக்கு வேண்டிய நிரலை உங்கள் கையாலேயே இறக்கிக் கொடுத்துவிட்டீர்கள். மனிதரா என்று சோதிக்கிற எந்த நேர்மையான தளமும் விண்டோஸ் விசையை அழுத்தச் சொல்லாது. டைப் செட்டிங் செய்கிற பிள்ளைகளுக்கும் கணக்கெழுதுபவருக்கும் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி வையுங்கள்.

மூன்றாவது வழிதான் இந்த அத்தியாயத்தின் விஷயம். நீங்கள் ஏமாறவில்லை, களவு மென்பொருளும் போடவில்லை. ஆனாலும் மென்பொருளிலேயே இருக்கும் ஓட்டை வழியாக உள்ளே வந்துவிடுகிறார்கள். அந்த ஓட்டையை அடைக்க நிறுவனம் அனுப்புவதுதான் பாதுகாப்புத் திருத்தம். திருத்தம் வெளிவருவதற்கு முன்பே தாக்குதல் தொடங்கிவிட்டால் அதை 'சீரோ-டே' என்கிறார்கள். செய்திகளில் பெரிய எழுத்தில் வருவது அதுதான். 2019-இல் வட்ஸ்அப் அழைப்பு வசதியிலிருந்த ஓட்டை வழியாக, அழைப்பை எடுக்காவிட்டாலும்கூடப் போனுக்குள் உளவு நிரல் புகுந்தது அந்த வகை. சுமார் 1,400 பேர் குறிவைக்கப்பட்டார்கள், அவர்களில் இந்தியப் பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் உண்டு. மிளகு வியாபாரியின் போனுக்கு அவ்வளவு செலவுசெய்து யாரும் வரமாட்டார்கள். நம்மைப் பிடிப்பது திருத்தம் வெளிவந்து மாதக்கணக்கான பிறகும் நம் கருவியில் அடைபடாமல் கிடக்கிற பழைய ஓட்டை. அதற்குக் கவர்ச்சியான பெயர் கிடையாது, ஆகவே செய்தியும் கிடையாது.

2023 ஓகஸ்ட் 26

இதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2023 ஓகஸ்ட் 26-இல் லங்கா அரச முகிலகம் என்ற அரசாங்கக் கணினித் தொகுதியை ரன்சம்வெயார் தாக்கியது. gov.lk என்று முடியும் மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 இதில் சிக்கின. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். சேவை சுமார் 12 மணி நேரத்துக்குள் திரும்பி வந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்த கடிதங்கள் திரும்பி வரவில்லை. மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட அரச அலுவலகக் கடிதப் போக்குவரத்து அழிந்தே போனது.

அப்போது தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் பகிரங்கமாகச் சொன்ன விவரங்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். மின்னஞ்சல் தொகுதி 2007-இல் தொடங்கியது, அப்போது ஓடியது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2003. 2014-இல் எக்ஸ்சேஞ்ச் 2013-க்கு மாற்றினார்கள். தாக்குதல் நடந்த நாள் வரை அதே பதிப்புதான். அடுத்த பதிப்புக்கு மாற 2021-இலேயே திட்டமிருந்தது. நிதிப் பற்றாக்குறையாலும் பணிப்பாளர் சபையின் முந்தைய சில தீர்மானங்களாலும் அது தள்ளிப்போனது. எக்ஸ்சேஞ்ச் 2013-க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2023 ஏப்ரல் 11-இல் நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தப் பதிப்புக்குத் திருத்தம் வரும் என்று எதிர்பார்க்க வழியில்லை. இந்தத் தேதி திடீரென்று வந்ததல்ல. பல வருடங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டது. நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கலாம்.

எக்ஸ்சேஞ்ச் எப்படிப்பட்ட இலக்கு என்பதும் தெரியாத விஷயமல்ல. 2021 ஜனவரி தொடக்கத்தில் தைவான் ஆய்வாளர் ஒருவர் அதிலிருந்த பெரிய ஓட்டையை மைக்ரோசொப்டுக்குத் தெரிவித்தார். திருத்தம் வந்தது மார்ச் 2-இல். இடைப்பட்ட இரண்டு மாதத்தில் தாக்குதல்காரர்கள் உலகெங்கும் சேர்வர்களுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். 'ப்ரொக்ஸிலொகொன்' என்று அதற்குப் பெயரும் சின்னமும் கிடைத்தன. பெயரும் சின்னமும் கொடுப்பதை நான் முழுக்கக் குறைசொல்ல மாட்டேன். 2014-இல் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டைக்கு இரத்தம் சொட்டும் இதயப் படம் போட்டபோதுதான் பல நிறுவனத் தலைவர்கள் முதன்முதலாக "நம்மிடம் இது அடைக்கப்பட்டுவிட்டதா?" என்று கேட்டார்கள். ஆனால் எக்ஸ்சேஞ்ச் 2013-இன் ஆதரவு முடிவதற்கு யாரும் சின்னம் வரையவில்லை.

இதில் இன்னொரு பாடம் நம் அறைக்கு நேரே பொருந்தும். அரச முகிலகத்தில் காப்புப் பிரதி இருக்கத்தான் செய்தது. அது இணைப்பிலேயே இருந்ததால் அதுவும் சேர்ந்து பூட்டப்பட்டது. தாக்குதலுக்குப் பிறகுதான் இணைப்பிலிருந்து விலக்கிய காப்புப் பிரதியைத் தினமும் எடுக்கத் தீர்மானித்தார்கள்.

திருத்தம் ஏன் பிந்துகிறது

ஆதங்கப்படுவதற்கு முன், தாமதம் எங்கே நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அப்போதுதான் யாரிடம் கேட்பது என்பது தெரியும்.

பலாபத்வலத் தோட்டத்தில் பறித்த மிளகு, ஊர்ச் சேகரிப்பாளர், மாத்தளை மொத்த வியாபாரி, கொழும்பு ஏற்றுமதியாளர் என்று கைமாறித்தான் கப்பலுக்குப் போகிறது. அன்ட்ரொய்ட் திருத்தமும் அதே கணக்குத்தான், திசை மட்டும் எதிர்ப்புறம். கூகிள் திருத்தத்தை எழுதுகிறது. அது மீடியாடெக், குவல்கொம் போன்ற சிப் நிறுவனத்துக்குப் போகிறது. அங்கிருந்து போன் நிறுவனத்துக்கு. அந்த நிறுவனம் தன் ஒவ்வொரு மொடலிலும் சோதித்துப் பார்த்து, நாடு நாடாக வெளியிடுகிறது. விலையுயர்ந்த மொடலுக்கு முதலிடம், நம் கையிலிருப்பதற்குக் கடைசி இடம்.

2022-இல் இது வெட்டவெளிச்சமானது. மலிவான போன்கள் பலவற்றில் படம் காட்டும் வேலையைச் செய்யும் 'மாலி' சிப்பில் ஐந்து ஓட்டைகளைக் கூகிளின் புரொஜெக்ட் ஸீரோ குழு கண்டுபிடித்துச் சொன்னது. அதை வடிவமைத்த ஆர்ம் நிறுவனம் ஜூலை, ஓகஸ்டிலேயே திருத்திக் கொடுத்துவிட்டது. நவம்பரில் அந்தக் குழு சோதித்துப் பார்த்தபோது, அவர்களிடமிருந்த மாலி போன் ஒன்றிலாவது திருத்தம் ஏறியிருக்கவில்லை. பிந்தியவர்களில் கூகிளின் சொந்த பிக்சலும் ஒன்று.

தாமதத்தின் ஆபத்து வேறோர் இடத்திலும் இருக்கிறது. மைக்ரோசொப்ட் 2003 முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிடுகிறது; நம் நேரப்படி அது இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. திருத்தம் வெளிவந்ததும், பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். தாக்குதல்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஆகவே திருத்தம் வெளிவந்த பிறகு அதைப் போடாமல் இருப்பது, வெளிவருவதற்கு முன் இருந்ததைவிட மோசமான நிலை. 2017-இல் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டிய 'வன்னாகிரை' நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசொப்ட் மார்ச் 14-இலேயே திருத்தம் கொடுத்திருந்தது. தாக்குதல் மே 12-இல். பிரித்தானியாவில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பியது, கையில் இருந்த மருந்தை இரண்டு மாதமாகக் குடிக்காததால்.

நிறுவனங்கள் சோதிக்க நேரம் எடுப்பதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024 ஜூலை 19-இல் குரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் சோதனையில் பிடிபடாத பிழையோடு ஒரு கோப்பை அனுப்பியதால் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன, விமானங்கள் பறக்கவில்லை. ஒரு கிழமை தாமதத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியும். ஒரு போனை விற்றுவிட்டு எட்டு மாதம் எதுவும் அனுப்பாமல் இருப்பதற்கு இந்தக் காரணத்தைச் சொன்னால் அது ஏமாற்று.

கடைசித் தாமதம் நம் கையில். டேட்டா தீர்ந்துபோகும், மெமரி நிரம்பியிருக்கிறது, அல்லது போன் கடையில் யாரோ ஒரு தம்பி, "அப்டேட் போட வேணாம்ணே, போன் ஸ்லோ ஆயிரும்" என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அன்ட்ரொய்டின் பெரிய பதிப்பு மாற்றம் பழைய போனைக் களைப்பாக்கலாம். மாதாந்தப் பாதுகாப்புத் திருத்தம் அப்படிச் செய்வது அபூர்வம். இரண்டும் வேறு வேறு என்று அவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் போனின் தேதி

இப்போதே பார்த்துவிடலாம். செட்டிங்ஸில் 'அபவுட் போன்' போய், அன்ட்ரொய்ட் பதிப்பை அழுத்தினால் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி ஒன்று தெரியும். சில மொடல்களில் அது 'செக்யூரிட்டி' பகுதிக்குள் இருக்கும். அந்தத் தேதியின் மாதத்தையும் வருடத்தையும் மட்டுமல்ல, நாளையும் பாருங்கள். அது 1 அல்லது 5 ஆக இருக்கும். 1 என்றால் அன்ட்ரொய்டின் பொதுவான பகுதிகள் மட்டும் அடைக்கப்பட்டிருக்கின்றன. 5 என்றால் சிப் சம்பந்தப்பட்ட பகுதிகளும் சேர்ந்து அடைக்கப்பட்டிருக்கின்றன.

பாமசிக் கவுண்டரில் வங்கிச் செயலி திறந்தபடி கிடந்த போன் ஒன்றில் அந்த வரியைப் பார்த்தேன்: 2022 மார்ச் 5. கண்ணாடியில் கீறல் இல்லை, உறை புதிது, பற்றரி நன்றாக நிற்கிறது. அதற்கு உரிமையாளரான அக்கா, "நல்லாத்தானே வேலை செய்யுது தம்பி" என்றார். வேலை நன்றாகத்தான் செய்தது. அந்த மார்ச்சுக்குப் பிறகு வெளியே தெரியவந்த ஓட்டைகள் எல்லாம் அதில் திறந்தே இருந்தன, அதைச் சொல்ல அந்தப் போனில் ஒரு விளக்கும் எரியவில்லை.

என் அளவுகோல் இது. தேதி மூன்று மாதத்துக்குள் இருந்தால் கவலை வேண்டாம். ஆறு மாதம் தாண்டியிருந்தால் அப்டேட் இருக்கிறதா என்று கையால் தேடிப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேலென்றால் அந்த மொடலை நிறுவனம் கைவிட்டுவிட்டது என்றே எடுத்துக்கொண்டு, வங்கிச் செயலியை வேறு போனுக்கு மாற்றுங்கள். பழையதைப் பாட்டு கேட்கவும் பிள்ளைகளின் பாடக் காணொளிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

புதிய போன் வாங்கும்போது கமெராவைப் பற்றிக் கேட்பதற்கு முன் "இதற்கு எத்தனை வருடத்துக்குப் பாதுகாப்பு அப்டேட்?" என்று கேளுங்கள். கூகிள் பிக்சல் 8 முதல் 7 வருடம் தருகிறது, சம்சுங் தன் எஸ்24 வரிசை முதல் அதே 7 வருடம். மலிவு மொடல்கள் பல இரண்டு மூன்று வருடத்தோடு முடிந்துவிடும், அதுவும் போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்தல்ல. ஒன்றரை வருடம் அலமாரியில் கிடந்த மொடலைத் தள்ளுபடியில் வாங்கினால் அந்த ஒன்றரை வருடமும் போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், ஒரு மொடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருடத்துக்கு அப்டேட் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருக்கிறது. அங்கே விற்கப்படும் அதே மொடலை இங்கே வாங்குவது புத்திசாலித்தனம். போனுக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரே மென்பொருள்தான்.

மேசைமேல் இருக்கும் கணினி

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 போட, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை சிப்பும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறும் வேண்டும், ஊர்ப்பக்கத்து அலுவலகக் கணினிகள் பல இதில் தோற்றுப்போகும். தனியாள் பாவனைக் கணினிகளுக்கு மைக்ரோசொப்ட் 2026 ஒக்டோபர் 13 வரை நீடித்த திருத்தம் தருகிறது. மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸைக் காப்புப் பிரதியாகச் சேமித்தால் இலவசம், இல்லாவிட்டால் 30 டொலர். அப்டேட் பக்கத்தில் அதற்கான இணைப்புத் தெரியும். அதற்குப் பிறகும் அந்தக் கணினியையே ஓட்ட வேண்டுமென்றால் லினக்ஸ் மின்ட் போடுங்கள். பில் போடவும் மின்னஞ்சலுக்கும் அது தாராளமாகப் போதும். களவு விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. அதைப் போட்டுத்தரும் கடைக்காரர், குட்டு வெளிப்பட்டுவிடக் கூடாதென்று அப்டேட்டையே வேரோடு நிறுத்திவிடுவது வழக்கம். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தைத் திறந்து, கடைசியாகப் பார்த்த தேதி என்னவென்று நீங்களே பாருங்கள்.

விண்டோஸோடு விஷயம் முடிவதில்லை. வின்ரார் இல்லாத கணினியை இந்தப் பக்கம் காண்பதே அரிது. தானாக அப்டேட் ஆகிற வசதி அதில் கிடையாது. 2025 ஜூலை 30-இல் வந்த 7.13 பதிப்பு, அப்போதே தாக்குதலுக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்த ஓர் ஓட்டையை அடைத்தது. 'ஹெல்ப்' பட்டியலில் 'அபவுட் வின்ரார்' அழுத்திப் பாருங்கள். 7.13-ஐவிடக் குறைந்த எண் தெரிந்தால், மின்னஞ்சலில் யாரோ அனுப்பிய விலைப்பட்டியலை அதில் திறக்காமல் முதலில் புதுப் பதிப்பைப் போடுங்கள்.

திருத்தம் வராத காலத்தில்

வராது என்று தெரிந்த கருவியை வீசிவிடச் சொல்வது எளிது. வீசுகிற வசதி எல்லாருக்கும் இல்லை. அப்படியானால் ஓட்டையை நோக்கி வரும் பாதைகளைக் குறையுங்கள். அன்ட்ரொய்ட் பழையதானாலும் குரோம், வட்ஸ்அப், வங்கிச் செயலி எல்லாம் பிளே ஸ்டோர் வழியாகத் தனியாக அப்டேட் ஆகும். போன் நிறுவனத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பல தாக்குதல்கள் பிரவுசர் வழியாக வருவதால் இது பாதிப் பாதுகாப்பு. 'கூகிள் பிளே சிஸ்டம் அப்டேட்' என்று ஒன்றும் இருக்கிறது. அன்ட்ரொய்ட் 10 முதல் சில உள்பகுதிகள் அது வழியாக நேரடியாக வரும், ஆனால் அதைச் செட்டிங்ஸில் தேடி அழுத்துகிறவர்கள் குறைவு. புளூடூத்தைத் தேவையில்லாதபோது அணைத்து வையுங்கள். ரவுட்டரை மறக்காதீர்கள்: அதன் அட்டையில் அச்சிட்டு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள், சுற்றுலாப் பயணிகளுக்கு 'கெஸ்ட்' வைஃபையைத் தனியாகக் கொடுங்கள். பில் கணினி இருக்கிற வலையில் முன்பின் தெரியாத போன்கள் ஏற வேண்டிய அவசியமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலானது காப்புப் பிரதி. அரச முகிலகத்துக்கு நடந்ததை நினைவில் வைத்து ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். வெள்ளிக்கிழமை மாலை செருகி, கணக்குகளையும் முன்பதிவுகளையும் நகலெடுத்து, கழற்றி அலமாரியில் வையுங்கள். கழற்றுவதுதான் முக்கியம். செருகியபடியே கிடக்கும் டிஸ்க்கை ரன்சம்வெயார் கணினியோடு சேர்த்துப் பூட்டிவிடும். ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் மாத்தளைப் பக்கம் அடிக்கிற இடிமின்னலில் செருகிய டிஸ்க் என்ன ஆகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். மாதத்துக்கொரு தடவை அந்த டிஸ்க்கிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறக்காத காப்புப் பிரதிகளை நான் நிறையவே கண்டிருக்கிறேன்.

அகப்பட்டுவிட்டால்

திரையில் பணம் கேட்கும் செய்தி வந்தால் முதலில் வலைக் கம்பியை இழுத்துவிடுங்கள், வைஃபையை அணையுங்கள். பக்கத்துக் கணினிக்குப் பரவாமல் தடுக்க அது போதும். திரையைப் போனால் படம் எடுங்கள். பூட்டப்பட்ட கோப்புகளின் பெயர்க் கடைசியில் ஒட்டியிருக்கும் எழுத்துகள் படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும், எந்த வகை என்று அடையாளம் காண அவைதான் உதவும். இலங்கை கணினி அவசர பதிலளிப்பு அணியான ஸ்ரீ லங்கா சேர்ட்டுக்கு 101 இலக்கத்தில் சொல்லுங்கள். பொலிஸில் முறையிடுவதென்றால் 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. வங்கிச் செயலி இருந்த கருவியென்றால் வங்கிக்கு அழைப்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யுங்கள், வேறொரு போனிலிருந்து.

பணம் கொடுக்காதீர்கள் என்பது பொது அறிவுரை. கொடுத்தவர்களில் எல்லாருக்கும் கோப்பு திரும்பக் கிடைப்பதில்லை என்பதால் நானும் அதையே சொல்வேன். ஆனால் பூட்டப்பட்ட டிஸ்க்கை உடனே அழித்து விண்டோஸ் போட்டுவிடவும் வேண்டாம். யூரோபோல், நெதர்லாந்துப் பொலிஸ், இரண்டு பாதுகாப்பு நிறுவனங்கள் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரன்சம்' என்ற இலவசத் தளத்தில் பல வகை ரன்சம்வெயார்களுக்கான திறப்பு நிரல்கள் இருக்கின்றன. பூட்டியவர்களைப் பொலிஸ் பிடிக்கும்போதோ, அவர்கள் நிரலில் ஆய்வாளர்கள் பிழை கண்டுபிடிக்கும்போதோ அங்கே புதியவை சேரும். 2018-இல் பரவிய 'கேன்ட்கிராப்' பூட்டுக்கு இலவசத் திறப்பு நிரல் அங்கே கிடைத்தது. இன்றைக்கு உங்களுடையதற்குத் திறப்பு இல்லாவிட்டாலும் டிஸ்க்கைக் கழற்றி, என்றைக்கு நடந்தது, கோப்புப் பெயர் எப்படி முடிகிறது என்று ஒரு துண்டில் எழுதி மேலே ஒட்டிப் பத்திரப்படுத்துங்கள். கணினிக்குப் புது டிஸ்க் போட்டு, காப்புப் பிரதியிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.